மலைச் சைக்கிளும் மட்காட்டும்

துவிச்சக்கரவண்டியின் உறுப்புகளுள் எவராலும் பாராட்டப்படாதது எது என வினவின், மட்காட் என்றே விடை கூறவேண்டும். சில்லின்றி வண்டி உருளாது, சங்கிலியின்றி அசையாது, பிறேக் இல்லையேல் ஓட்டுபவர் வீடு சேரார். மட்காட் இல்லாவிடினோ எல்லாம் வழமைபோல் நடைபெறும். வெயிற்காலத்தில் அதன் இருப்பே நினைவுக்கு வருவதில்லை. ஆணி கழன்று கடகடவென ஒலித்துத் தன்னை அறிவித்தால் உண்டு. இத்தகையதொரு பொருளைப் பற்றியா கட்டுரை வரையப்போகிறாய் எனச் சங்கத்து நண்பர்கள் நகைத்தனர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே பிற்பகல் வேளையில் பேராதனையிற் சைக்கிளோட்டிச் சென்றவர் எவரும் அவ்வாறு நகையார் என்பது என் துணிபு.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று. ‘சேற்றுக்காப்பு’ என எழுதலாமே என ஒரு நண்பர் கூறினார். அழகிய சொல்தான், ஆயின் அச்சொல்லைக் கூறிக் கடையிற் கேட்டால் பொருள் கிடைக்காது. எங்கள் ஊரில் அது மட்காட். கண்டியிலே எனது வண்டியைத் திருத்தும் முதியவரின் வாயில் அது ‘மடகாட்’ என வருகிறது. சிங்களத்தில் ‘மட’ என்றால் சேறு. ஆங்கிலச் சொல்லின் முற்பாதி அவர் நாவிலே தாய்மொழிச் சொல்லாகவே மாறிவிட்டது கண்டு நான் வியந்தேன். மொழியியல் விரிவுரைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

வண்டி என்னுடையதன்று, என் தம்பியுடையது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடெங்கும் வரிசைகள் நீண்டிருந்த காலத்தில், மோட்டார் சைக்கிள்கள் முற்றங்களில் உறங்க, சைக்கிளுக்குத் திடீரென மதிப்பு வந்தது. அவ்வேளை அவன் சேமித்த பணத்தைக் கொடுத்து 26 அங்குலச் சில்லும் முற்புறத்தில் அதிர்வு தாங்கும் போர்க்கும் உடைய ‘மவுண்டன்’ ஒன்றை வாங்கினான். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த வலிகாமத்தின் ஒழுங்கைகளில் மலைச் சைக்கிள் எதற்கு என எவரும் கேட்கவில்லை. ஈராண்டுகளின் பின் அவன் வேலை தேடிக் கடல் கடந்தான். நான் பேராதனைக்கு வந்தபோது வண்டியும் என்னோடு வந்தது. மலைச் சைக்கிள் இறுதியில் மலையைக் கண்டது எனலாம்.

ஹிந்தகலைப் பக்கத்தில் அறை; கலகா வீதியாற் கலைப்பீடம்; மாலையில் இரு வீடுகளிற் பிள்ளைகளுக்கு ரியூசன். அதுவே எனது உணவுக்கு வழி. மழை பெய்து ஓய்ந்த வீதியில் மட்காட் இல்லாத வண்டியிற் சென்றால், கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகின் நடுவே செந்நிறக் கோடொன்று விழும். எவ்வளவு மெதுவாகச் சென்றாலும் சிறிதேனும் விழும். அக்கோட்டுடன் ஒரு வீட்டின் வெள்ளை உறையிட்ட கதிரையில் அமரும்படி அழைக்கப்பட்டால் என்ன செய்வது? நான் நின்றுகொண்டே கற்பித்தேன். “ரீச்சர், ஏன் இருக்கிறீங்கள் இல்லை?” எனக் கேட்ட சிறுமிக்கு, நின்றால் நித்திரை வராது என விடை கூறினேன். ஆனால் அவ்வீட்டுத் தாயார் அதைத் திமிராகக் கருதத் தொடங்கியபோது விடயம் சட்டையோடு நிற்கவில்லை என்பதை உணர்ந்தேன்.

மலைச் சைக்கிள்கள் மட்காட் இன்றியே பெரும்பாலும் விற்கப்படுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில், கலிபோர்ணியாவின் மரின் பகுதியிலே, தமல்பாயிஸ் மலையின் மண்பாதைகளிற் சில இளைஞர் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை இறக்கி ஓட்டினர். 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பாரமான வண்டிகள் அவை. பாரம் குறைப்பதற்காக அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று மட்காட்டைக் கழற்றி எறிந்தமையே. 1976இல் தொடங்கிய அவர்களது மலையிறக்கப் போட்டி ‘ரீபாக்’ எனப் பெயர் பெற்றது; இறங்கி முடிவதற்குள் பிறேக் பிடித்துப் பிடித்துப் பின்சில்லின் குடத்துக் கிறீஸ் எரிந்துபோக, மீண்டும் கிறீஸ் அடைக்கவேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. அவ்விளைஞரிடையே இருந்த ஜோ பிறீஸ், கேரி பிஷர் முதலியோர் பின்னர் இவ்வகை வண்டிகளைப் புதிதாகவே செய்தனர். 1981இல் தொழிற்சாலைத் தயாரிப்பாக இவ்வண்டி சந்தைக்கு வந்து, பின் உலகெங்கும் பரவியது. மட்காட்டைக் கழற்றியமையாற் பிறந்த வண்டி இது என்றால் மிகையன்று. அவர்கள் மலையுச்சியிலிருந்து இறங்கிச் சேற்றோடு வீடு சென்று குளித்தனர். அவர்களை எவரும் கதிரையில் அமரச் சொல்லவில்லை.

தம்பியும் அவ்விளைஞர் கட்சியே. மட்காட் பூட்டப்போகிறேன் எனத் தொலைபேசியிற் கூறியதும் அவன் பதறினான்.

“அக்கா, மவுண்டனுக்கு ஆராவது மட்காட் போடுவினமோ? பால்காரற்றை சைக்கிள் மாதிரியெல்லோ இருக்கும்.”

“நீ அங்கை இருந்து வடிவு பார். இஞ்சை சட்டை தோய்க்கிறது நான்” என்றேன்.

எனினும் அவனது மனத்தை நான் அறிவேன். அவ்வண்டி அவன் இங்கு விட்டுச்சென்ற ஒரே உடைமை. அதனை விகாரப்படுத்தாமற் காரியம் முடிக்கவேண்டும் என்பதும் எனது கணக்கில் இருந்தது.

நீர் எவ்வாறு பறக்கிறது என்பதை அறியாமல் மட்காட் தெரிவு செய்யமுடியாது. தரையைத் தொடும் இடத்தில் ரயர் நீரைப் பற்றுகிறது. சுழற்சியிலே அந்நீர் தொடுகோட்டுத் திசையில் விடுபடுகிறது. வண்டியில் இருப்பவர் கண்கொண்டு பார்த்தால், தரையை விட்டு எழுந்தவுடன் விடுபடும் துளி பின்னோக்கியும், குடத்தின் உயரத்தில் விடுபடுவது நேர் மேலாகவும், உச்சியை அணுகி விடுபடுவது முன்னோக்கியும் செல்லும். ஆகவே முன்சில்லின் தாழ்ந்த துளிகள் சப்பாத்தையும் சங்கிலியையும் நனைக்கின்றன; உச்சித் துளிகள் முன்னே பறக்க, ஓட்டுபவர் தாமே சென்று அவற்றை முகத்தில் ஏற்கிறார். பின்சில்லின் உயர்ந்த துளிகளே முதுகிற் கோடு வரைபவை. அதன் தாழ்ந்த துளிகளோ ஓட்டுபவருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. அவை பின்னே சைக்கிளில் வருபவரின் முகத்துக்கு உரியவை. எனக்குப் பின்னே வரும் தோழி மூக்குக்கண்ணாடி அணிபவள்.

இக்கணக்கை மனத்திற்கொண்டு கடைக்குச் சென்றால், அங்கே பெரும்பாலும் கிடைப்பது சிறிய பிளாஸ்ரிக் மட்காட். பின்னது சீற்றின் தண்டில் இறுக்கப்பட்டு வால்போல் மேலே நீண்டிருக்கும். முன்னது சட்டத்தின் கீழ்க்குழாயிற் பட்டியாற் கட்டப்படும். ஸ்பானரே வேண்டாம், எந்த வண்டிக்கும் பொருந்தும், வேண்டாதபோது கழற்றலாம். தம்பிக்கும் இதுவே சம்மதம். ஆனால் அது முதுகை மாத்திரம் காப்பது. சப்பாத்து நனையும், சங்கிலியில் மண் ஏறும், பின்னே வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. குண்டும் குழியுமான வீதியில் அது இடமும் வலமும் திரும்பிவிடுவதை நண்பர் ஒருவரின் வண்டியிற் கண்டிருக்கிறேன்.

ஊரில் அப்பாவின் பழைய றலிச் சைக்கிளின் இரும்பு மட்காட்டைக் கொண்டுவந்து பூட்டலாமா என்றும் எண்ணினேன். பொருந்தாது. அவ்வண்டியின் சில்லு 28 அங்குலம், ரயர் ஒன்றரை அங்குலம். எனது ரயரோ 2.1 அங்குலம், அதாவது ஏறத்தாழ 53 மில்லிமீற்றர் அகலம். அந்த மட்காட் என் ரயருக்கு ஒடுக்கம். அதன் வளைவும் வேறு. ரயரோடு சேர்த்து அளந்தால் அவ்வண்டிச் சில்லின் ஆரை இதனதைவிட இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பெரிது. ஒரு முனையில் நெருங்கினால் மறுமுனையில் விலகி நிற்கும்.

அந்த மட்காட்டைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அப்பாவும் அவ்வண்டியை உருட்டிக்கொண்டு சென்றார். பின்னர் வன்னி. அங்கே மாரியில் வயலோரப் பாதைகளின் களிமண் ரயரில் ஒட்டி மட்காட்டினுள் அடைத்துக்கொள்ளும்; பத்து அடிக்கு ஒருமுறை தடியால் கிண்டவேண்டும்; பாரம் ஏற்றிய வண்டி அசையாது. ஈற்றில் இரு மட்காட்டையும் கழற்றினார். பலர் கழற்றிப் பற்றைக்குள் எறிந்தனராம். அப்பா எறியவில்லை, கரியரிற் கட்டிக்கொண்டார். கூரையாக, கோழிக்கூட்டின் கதவாக அவை பல இடங்களில் வேலை செய்தன. 2002இல் பாதை திறந்து ஊர் திரும்பிய பின், நெளிவெடுத்து மீண்டும் பூட்டினார். பின்மட்காட்டின் வெள்ளை பூசிய கடைசிப் பாகத்தில் இன்றும் அந்நெளிவு தெரியும். நான் மட்காட் வாங்கப்போவதாகக் கூறியபோது அவர் சொன்னது ஒன்றே: “விரல் போக இடம் விட்டுப் பூட்டு, பிள்ளை.”

இடைவெளி என்பது அற்ப விடயமன்று. மிக நெருங்கினால் மண் அடைக்கும்; சிறு கல் சிக்கினாலும் சுரண்டும். மிக விலகினால் காத்தற்றொழில் குன்றும். நல்ல தார்வீதிக்கு ஒரு சென்ரிமீற்றர் போதும். மண்பாதைக்கு அதனின் மேல் வேண்டும். அகலத்தில், ரயரின் இரு பக்கமும் ஐந்து மில்லிமீற்றராவது வெளியே நிற்கவேண்டும். எனவே 65 மில்லிமீற்றர் அகலமுள்ள, தாங்குகம்பிகளோடு கூடிய நீண்ட கறுப்புப் பிளாஸ்ரிக் சோடியைத் தெரிவு செய்தேன். விலை எனது ஒரு வார உணவுச் செலவிலும் சற்றுக் குறைவு. கறுப்பு நிறம் தம்பிக்காக.

பின்சில்லுக்குப் பூட்டுதல் எளிது. அச்சுப் பொருந்தும் இடத்தருகே புரியிட்ட சிறு துளைகள் சட்டத்திலேயே இருந்தன. வண்டி வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டிய துளைகள் இவை. பல வண்டிகளில் இல்லை. சில்லைக் கழற்றி, பெடற்குடத்தின் பின்னுள்ள குறுக்குத்துண்டிலும், சீற்றின் கீழுள்ள குறுக்குத்துண்டிலும் மட்காட்டைப் பிணைத்து, ஈற்றிற் கம்பிகளை அத்துளைகளில் இறுக்கினோம். ஐந்து மில்லிமீற்றர் ஆணி, எட்டாம் நம்பர் ஸ்பானர், வேறொன்றும் வேண்டியதில்லை.

முன்சில்லே சோதனை. அதிர்வு தாங்கும் போர்க்கில், குழி வரும்போது சில்லு மேலெழும், மேற்பாகம் எழாது. மேற்பாகத்தில் மட்காட்டைப் பூட்டினால், சில்லு முழுதும் எழும் தூரத்தை விட்டே உயரத்திற் பூட்டவேண்டும். அப்போது அது குடைபோல் நிற்குமேயன்றிக் காக்காது. முதியவர் போர்க்கின் இரு கீழ்க்கால்களையும் இணைக்கும் வளைவைத் தட்டிக் காட்டி, “துவ, இதிலே பூட்டினால் சில்லோடு தானும் ஏறி இறங்கும்” என்றார். என்னை அவர் மகள் என்றே அழைப்பார். அவ்வளைவின் துளையில் ஓர் ஆணி. கம்பிகளுக்கோ கீழ்க்கால்களில் ரப்பர் வைத்த பட்டிகள். கேபிள் ரையாற் கட்டலாமே என்றேன். அதற்கு அவர் உடன்படவில்லை. அவிழ்ந்த கம்பி சில்லுக்குள் சென்றால் ஓட்டுபவர் ஹாண்டிலுக்கு மேலால் போவார் என்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். உண்மைதான். முன்மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே தடியொன்று சிக்கி, மட்காட் மடிந்து சில்லை நிறுத்துவதே இதில் உள்ள மெய்யான ஆபத்து. அதனாலேயே நல்ல முன்மட்காட்டுகளின் கம்பிகள், பலமாக இழுபட்டால் தாமே கழன்றுவிடும் பிடிகளோடு வருகின்றன. எனது சோடியில் அவை இருந்தன.

அதிர்வில் ஆணி தளராதிருக்க அறைத்தோழியின் நகப்பூச்சிலே புரிக்கு ஒவ்வொரு துளி இட்டேன். காய்ந்ததும் பிடிக்கிறது; வேண்டும்போது ஸ்பானருக்கு இசைந்து கழல்கிறது. நிறம் கடுஞ்சிவப்பு. அறைத்தோழி இதனை இன்னும் முழுமையாக மன்னிக்கவில்லை.

பூட்டிய மறுநாளே மழை. ரியூசன் வீட்டிலே கதிரையில் அமர்ந்து, பின்னங்களைக் கற்பித்தேன். சிறுமி என்னை ஐயத்தோடு பார்த்து, “இண்டைக்கு நித்திரை வரேல்லையோ ரீச்சர்?” என்றாள். தம்பிக்குப் படம் அனுப்பினேன். ஒரு நாள் கழித்து, “பரவாயில்லை, கறுப்பு எண்டபடியால் தெரியேல்லை” என விடை வந்தது.

சப்பாத்து உலர்ந்தே இருக்கிறது; சங்கிலிக்கு வாரமொருமுறை எண்ணெய் போதுமாயிற்று. பின்னே வரும் தோழி மாத்திரம், மூக்குக்கண்ணாடியில் இன்னும் இரண்டொரு துளி விழுவதாக முறையிடுகிறாள். பின்மட்காட்டின் முனை தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. பழைய ரியூப் துண்டொன்றை முதியவர் எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த மழைக்கு முன் அதனைச் சாண் நீளத்துக்கு வெட்டி முனையிற் பொருத்தவேண்டும்.