மூன்று பூட்டு, ஒரே சாவிக்கொத்து

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த யுனைடெட் 232 விமானத்தில் வால் என்ஜின் வெடித்தது. டிசி-10 ரகம். இன்னும் இரண்டு என்ஜின் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்கிறீர்களா? தெறித்த துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் காலி செய்துவிட்டன. ஒன்று போனால் இன்னொன்று என்றுதான் மூன்று வைத்தார்கள். ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில் அருகருகே! மூன்று பூட்டுக்கும் சாவியை ஒரே கொத்தில் மாட்டிய கதை.

கேப்டன் ஆல் ஹேன்ஸ் எதைத் திருப்பினாலும் இறக்கையிலும் வாலிலும் அசைவில்லை. பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னிஸ் ஃபிட்ச், மிச்சமிருந்த இரண்டு என்ஜின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தை சூ சிட்டி வரை கொண்டுவர உதவினார். இறங்கும்போது உடைந்து எரிந்தது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

இதையே கம்ப்யூட்டர் செய்தால்? என்ஜின் சொன்னதை உடனே கேட்காது, கொஞ்சம் தாமதிக்கும். அதற்குள் விமானம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். அந்த ஆட்டத்தை முன்கூட்டியே கணித்து அடக்குவது மனிதக் கைக்கு ரொம்பக் கஷ்டம், கம்ப்யூட்டருக்கு சுலபம். நாசா 1993-ல் எஃப்-15 விமானத்தையும், 1995 ஆகஸ்டில் எம்டி-11 விமானத்தையும் என்ஜினை மட்டும் வைத்தே தரையிறக்கிக் காட்டியது. எம்டி-11-ல் பெரும்பாலும் சாஃப்ட்வேர் மாற்றம்தான்!

இருந்தும் பயணிகள் விமானங்களுக்கு அது வரவில்லை. இப்படி நடப்பது அபூர்வம் என்பது கணக்குப் பார்ப்பவர்களின் வாதம். அபூர்வம்தான்...

2003 நவம்பரில் பாக்தாத்தில் ஏவுகணை தாக்கி, டிஹெச்எல் சரக்கு விமானம் ஒன்று ஹைட்ராலிக் முழுவதையும் இழந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் உயிரோடு இறங்கினார்கள். என்ஜினைக் கூட்டிக் குறைத்தது, மறுபடியும் மனிதக் கைதான்.