நிழல் காலடியில் ஒளியும் முனை

ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியான் பக்கம் காரில் போனால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சாலை முடிந்துவிடும். செம்பனைத் தோட்டங்களும் மீனவர் கிராமங்களும் கடந்து போக, எதிரே சதுப்புநிலக் காடு. அதுதான் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. மர நடைபாதை வழியே முனையை எட்டினால், அப்பால் கடலும் கப்பல்களும்தான்.

பெயர்ப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்களே அதிகம். கொஞ்சம் நின்று உங்கள் நிழலையும் பாருங்கள்.

இந்த முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பூமியோ 23.4 பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஜூன் மாத உச்சிவேளையில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அப்படியே தலைகீழ். இடையில் மார்ச் 23, செப்டம்பர் 20 நாள்களை ஒட்டி, பிற்பகல் ஒரு மணி வாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இராது.

லண்டனில் இதே சாய்வு, ஜூன் பகலைப் பதினாறரை மணி நேரமாக நீட்டி, டிசம்பர் பகலை எட்டு மணி நேரத்துக்கும் கீழாகச் சுருக்கிவிடுகிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனாலும் நமக்குப் பருவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டிறுதியில் வட ஆசியா குளிரும்போது அங்கிருந்து கிளம்பும் காற்றுதான் நமக்கு வடகிழக்குப் பருவமழையைக் கொண்டுவருகிறது.

சூரியன் கணக்கு நிழலில் என்றால், நிலவின் கணக்கு சேற்றில். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நீரேற்றம் மிகுந்து அலையாத்தி வேர்கள் மூழ்கும். நீர் வடிந்ததும் சேற்றில் துள்ளும் மீன்களைக் காணலாம்.

அமாவாசைதோறும் ஏன் சூரிய கிரகணம் வருவதில்லை? நிலவின் பாதையும் சுமார் ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அதன் நிழல் பூமிக்கு மேலோ கீழோ விலகிப் போய்விடும். மூன்றும் ஒரே கோட்டில் வந்தால்தான் கிரகணம்.

2019 டிசம்பர் 26 அன்று அப்படி வந்தது. காலை ஒன்பதரை மணியளவில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளைத் தொட்ட நிழல், யாழ்ப்பாணத்தைக் கடந்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த முனைக்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. அப்போது இங்கே மணி பிற்பகல் 1.22. சூரியன் நெருப்பு வளையமாக நின்றது இரண்டே நிமிடம். முனையில் பெருங்கூட்டம் அதைப் பார்த்தது. கதவைச் சாத்தி வீட்டுக்குள் இருந்த நம்மவர்களும் உண்டு.

கிரகணம் முடிந்ததும் குளிப்பதும் கோயிலுக்குப் போவதும் அவரவர் வழக்கம். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிமிடத்தை மறுக்க வேண்டியதில்லை. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கிரகணத்துக்கென்றே தயாரித்த கண்ணாடி கட்டாயம். சிங்கப்பூரில் அடுத்த வளையத்துக்கு 2063 வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டையும் தீபகற்பத்தின் வடபகுதியையும் தொடும் இன்னொன்று 2031 மே 21 அன்றே வருகிறது.

அதுவரை தஞ்சோங் பியாய் இருக்கிறது. பூங்கா திறந்திருக்கும் நேரத்தையும் நீரேற்ற அட்டவணையையும் பார்த்துக்கொண்டு, ஒரு குச்சியோடு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.