வழுக்கும் வீதி

டொரான்டோவுக்குக் குளிர்காலத்தில் வந்து சேரும் நம்மவருக்கு முதலில் திகிலூட்டுவது முழங்காலளவு குவிந்து கிடக்கும் வெண்பனிதான். என் மகள் வீட்டில் மூன்று குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற பாத்தியதையுடன் சொல்கிறேன்: புதிதாய்ப் பெய்த அந்தப் பனி பரம சாது. மிதித்தால் கால் புதையும், அவ்வளவே. அஞ்ச வேண்டிய ஆசாமி வேறு.

பகலில் சிறிது வெயில் எரிக்கிறது. ஓரத்துப் பனி உருகி நடைபாதையில் கசிகிறது. அந்தி சாய்ந்து உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் அந்த ஈரம் கண்ணாடித் தகடாக உறைந்துவிடுகிறது. அடியிலுள்ள தாரின் நிறமே மேலே தெரிவதால் அதற்குக் 'கருப்பு ஐஸ்' என்று பெயர். நம் ஊர்க் குளத்துப் படியில் பாசி பச்சை நிறத்தைக் காட்டியாவது எச்சரிக்கும். இதற்கு அந்தத் தாட்சண்யமும் கிடையாது.

பனிக்கட்டியின் மேல் நீர் போன்ற மெல்லிய படலம் உண்டென்று 1850-லேயே மைக்கேல் பாரடே சொன்னார். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அப்படலம் தடிக்கிறது. ஆகையால் பூஜ்யத்துக்கு 30 டிகிரி கீழே போன நாளைவிட, "இன்று குளிர் தேவலையே!" என்று நாம் மகிழும் நாளில்தான் வழுக்கல் அதிகம். வீதியில் தூவும் உப்பின் குணமோ நேர்மாறு. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நன்றாய் வேலை செய்யும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாய்க் கைவிட்டுவிடும். அப்போது மணலே துணை.

நடப்பதற்கு இத்தேசத்தார் பென்குயின் பறவையைக் குருவாகக் கொண்டிருக்கிறார்கள். சிறு அடி, பாதம் முழுவதும் தரையில் பதியவேண்டும், உடற்பாரம் முன்னங்காலின் மேல் நிற்கவேண்டும், கைகள் சட்டைப்பைக்கு வெளியே இருக்கவேண்டும். பார்ப்பதற்கு வேடிக்கைதான். என் மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

எங்கள் கட்டடத்தில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். வயது 79. ஒரு முறை வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, தைரியம் தப்பவில்லை. "வெளியிலை போய் விழுகிறதிலும் பார்க்க உள்ளுக்கை இருக்கிறது நல்லது, தம்பி" என்று நவம்பர் முதல் மார்ச் வரை நாற்காலியிலேயே இருந்துவிட்டார். வசந்தம் வந்தபோது பஸ் படியேறக் கால்களில் சக்தி இல்லை. பிறகு குளியலறையில் விழுந்தார். அந்தத் தடவை இடுப்பெலும்பு முறிந்தது. அச்சத்தால் கால் ஓய்ந்து, ஓய்ந்த காலாலேயே விழுகிறவர்கள் இங்கே பலர்.

தேறிய பின், இவ்வருஷம் காலணியின் மேல் மாட்டும் இரும்பு முள் பட்டையை அவர் மகன் வாங்கித் தந்திருக்கிறான். உப்பிட்ட பாதையில், நல்ல வெளிச்சத்தில், காலை 11 மணிக்கு என் மனைவியின் முழங்கையைப் பற்றிக்கொண்டு மூலைக்கடை வரை போய்வருகிறார். திரும்பியதும் வாசலிலுள்ள முக்காலியில் அமர்ந்து, முதல் காரியமாய் அந்த முட்பட்டையைக் கழற்றுகிறார். ஐஸைக் கவ்வும் இரும்பு, உள்ளேயுள்ள வழவழப்பான ஓட்டுத் தரையில் சறுக்கிவிடும்.