நீக்குவதற்கும் கூலி உண்டு

ஒளிப்படக் கலைஞர்களுக்கு இணையதளம் செய்து தரும் சிறு அலுவலகங்கள் சென்னையில் கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் உண்டு. அங்கே நான் பார்த்த வேலையில் நிரல் எழுதுவது சிறு பகுதிதான். போட்டோகிராபர் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைக்கிறார். உள்ளே கல்யாணம், வளைகாப்பு, மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழா, பள்ளிக்கரணைப் பறவைகள் என ஆயிரக்கணக்கில் படங்கள். எல்லாமே தளத்தில் வரவேண்டும் என்கிறார் அவர். ஒரு பிரிவுக்கு இருபது படம் போதும் என்கிறார் வடிவமைப்பாளர். பக்கங்களைக் கட்டுவதைவிட இந்த இழுபறிக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது. 2003இல் வந்த வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களும் ஆயத்த வார்ப்புகளும் பக்கம் கட்டுவதை எளிதாக்கிவிட்டன. ஆகவே ஒளிப்படத் தளம் செய்வதில் கைத்திறன் என்று சொல்லத்தக்கது, படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்துவதே என்பது என் முடிவு. ஆனால் கூலி பேசப்படுவதோ பக்கக் கணக்கில்.

தேர்வு என்பது ரசனை மட்டுமல்ல என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். கோயில் விழாப் பகுதி கூட்டத்தின் அகலக் காட்சியில் தொடங்கலாம். அடுத்து ஒரு முகம், பிறகு வடம் பிடித்த கைகள். மூன்று தேர்க் காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று மங்கச் செய்யும். ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1950களில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்தவை ஏறத்தாழ 27,000 படங்கள். ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் அவர் வைத்தவை 83. அந்த நூலின் புகழுக்கு அவருடைய கேமராவைப் போலவே கத்தரியும் காரணம். தேர்ந்த பிறகும் நுணுக்கமான வேலை இருக்கிறது. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. அதை அப்படியே ஏற்றினால் கைபேசியில் பக்கம் திறப்பதற்குள் பார்க்க வந்தவர் போய்விடுவார். படத்தின் நீள விளிம்பை 2000 புள்ளிகள் அளவுக்குக் குறைத்து, சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்க வேண்டும். அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் உள்ள கோப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல் விட்டால், பல திரைகளில் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் விவரிப்பு எழுத வேண்டும். தேடுபொறியும் பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருளும் அதைத்தான் படிக்கின்றன.

இன்ஸ்டாகிராம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே வரிசையும் படச் சட்டகமும் கலைஞர் கையில் இல்லை. 2010இல் தொடங்கிய அந்தச் செயலி, 2015 வரை சதுரப் படங்களையே ஏற்றது. 2025இல் முகப்புக் கட்டங்களை நெடுக்காக மாற்றியது. பார்த்துப் பார்த்து அடுக்கியவர்களின் அடுக்கு அவர்களைக் கேட்காமலே மாறியது. கூகுளின் படச் சேவையான பிக்காசா 2016இல் நிறுத்தப்பட்டது. படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 2019இல் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படம் என்று வரம்பு கட்டியது. இன்ஸ்டாகிராம் திருவிழாக் கடை. கூட்டத்துக்கு அது வேண்டும், முகவரிக்குச் சொந்தக் கடை வேண்டும். அந்த முகவரிக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பது உண்மைதான். கட்டத் தவறினால் அது கைநழுவும். அதனால்தான் டொமைன் எனப்படும் அந்த முகவரியைக் கலைஞர் வடிவமைப்பாளர் பெயரில் விடாமல் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்வது நல்லது.

குறைத்துப் போட்டால் திறமை முழுதும் தெரியாதே என்ற கவலையும் நியாயமானது. அதற்கு வழி, ஐம்பது கல்யாணங்களிலிருந்து ஒவ்வொரு நல்ல படமாகப் பொறுக்காமல், ஒரே கல்யாணத்தை விடியல் முகூர்த்தம் முதல் மாலை வரவேற்பு வரை தொடராகக் காட்டுவது. மண்டபத்தின் மோசமான குழல்விளக்கிலும் கலைஞர் தாக்குப்பிடிப்பாரா என்பது அப்போதுதான் தெரியும். படங்கள் திருடப்படும் என்று அஞ்சி முகத்தின் குறுக்கே வாட்டர்மார்க் போடுவோரும் இருக்கிறார்கள். சுருக்கிய படம் பெரிய அச்சுக்குப் போதாது என்பதே ஓரளவு காப்பு. கோப்பின் உள்விவரத்தில் பெயரும் தொடர்பும் பதிந்தால் இன்னும் நல்லது. அதைவிட முக்கியம், காட்டும் உரிமை தமக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். கல்யாண வீட்டாரிடம் அட்வான்ஸ் வாங்கும்போதே, தளத்தில் காட்டும் அனுமதியையும் எழுதி வாங்கிவிட வேண்டும்.

இத்தனையும் பார்த்துச் செய்கிறவரைப் பக்கம் கட்டுபவர் என்று மட்டும் கருதிக் கூலி கொடுப்பது சரியல்ல. தளம் செய்யக் கொடுக்கும் கலைஞர்கள் பக்கங்களை எண்ணுவதை விட்டு, விலைப்பட்டியலில் ‘படத் தேர்வு’ என்று தனியாக ஒரு வரி கேட்டு வாங்கி, அதற்குரிய தொகையைக் கொடுக்கட்டும்.