துருவும் புளிப்பும்

வடசென்னையில் இரும்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடல், மற்றொன்று பழைய இரும்புக்கடை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஜன்னல் கம்பியோ மிதிவண்டிச் சங்கிலியோ உப்புக்காற்றுக்குத் தப்புவதில்லை. திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எண்ணூரில் அசோக் லேலண்டும் வேரூன்றியதும், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்ததும் இதே காற்றில்தான். கடலோரத்தில் உலோகம் அரிக்கப்படும் விதத்தை ஆராயவென்றே, காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் தனிக்கிளை வைத்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு அந்த ஆராய்ச்சி அன்றாட அனுபவம்.

அப்பா அப்படியொரு பட்டறையில் ஃபிட்டர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிய கருவிகளை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு பெட்டி பதினோரு ஆண்டுகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது அண்ணன் திறந்து பார்த்தார். ஸ்பேனர்கள், உளிகள், அரங்கள், சுத்தியல் எல்லாம் ஒரே செந்நிறக் கட்டியாக ஒட்டிக் கிடந்தன. “எடைக்குப் போட்டுடலாம்டா தம்பி” என்றார். அதில் தவறேதும் இல்லை. பார்ப்பதற்கு அவை எடையாக மட்டுமே இருந்தன. நான் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

துரு என்பது இரும்பு நீருடனும் உயிர்வளியுடனும் கூடிப் பிறப்பது. இரும்பைவிடப் பருமன் மிக்கது. ஆகவே செதிலாகப் பெயர்ந்து, அடியிலுள்ள புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே போகும். கழிவறை கழுவும் ஆசிட் அதை நொடியில் கரைத்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடற்காற்றில் இருக்கும் அதே குளோரைடைக் கருவியின் நுண்குழிகளில் விட்டுவிட்டுப் போகும். அம்மா குத்துவிளக்கைப் புளியால் துலக்குவார். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அந்த வழியில் யோசித்து மளிகைக்கடை எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, எடுத்துக்கொண்டேன். துருவைக் கரைப்பதுடன், கரைந்த இரும்பைப் பற்றி நீரிலேயே நிறுத்தியும் வைக்கும் குணம் அதற்கு உண்டு.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் போக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது கிராம் கணக்கில் கரைசல். துத்தநாகப் பூச்சுள்ள வாளி ஆகாது; அமிலம் அதையே தின்னத் தொடங்கும். வெர்னியர் காலிப்பரை நான் தொட்டியில் இறக்கவில்லை. அதன் நுண்ணிய கோடுகள் மங்கிவிட்டால் அது வெறும் தகடு. அதற்கு எண்ணெயும் துணியும் பொறுமையும் மட்டும்.

இரண்டு மணி நேரத்தில் நீர் தேயிலைச் சாயம் போலானது. முதல் ஸ்பேனரை எடுத்துத் தேய்த்தபோது கைப்பிடியில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. பட்டறையில் கருவிகள் கைமாறாமலிருக்க அப்பா சென்டர் பஞ்சால் அடித்துவைத்த அடையாளம். அப்போதுதான் அச்சம் வந்தது. துரு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்பது அமிலத்துக்குத் தெரியாது. கூடுதல் நேரம் கிடந்தால் அந்தப் புள்ளிகளின் விளிம்பையும் அது கரைத்துவிடும். அன்றிரவு தூங்காமல் அரைமணிக்கொருமுறை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பேனர்களில் புள்ளிகளைக் கடல் முன்பே எடுத்துக்கொண்டிருந்தது.

எடுத்த கருவியைச் சமையல் சோடா நீரில் முக்கி, நல்ல நீரில் பலமுறை அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் சற்றுத் தாமதித்தால் கண்முன்னே மஞ்சள் படரும்.

கருவிகள் பளபளக்கவில்லை. சாம்பல் நிறத்தில், அம்மைத் தழும்புகளுடன் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து சுத்தியல் தலையை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடையைப் பற்றிப் பேசவில்லை. பிடி போடக் கருவேலங்கட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.