எதிர்காற்றில் குற்றாலம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும்போது எதிர்காற்று. திரும்பும்போது முதுகில் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து, செங்கோட்டையைத் தாண்டி, நேரே எங்கள் ஊருக்குள் இறங்கும். காசி விசுவநாதர் கோயிலின் கிழக்கு வாசலில் நுழைகிறவர்களை வேட்டியையும் முந்தானையையும் பிடித்துக்கொள்ள வைப்பதும் அந்தக் காற்றுதான். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தொடையில் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சொந்த சைக்கிள் வைத்திருந்த பையன்கள் எங்கள் தெருவில் குறைவு. வாடகைக் கடைதான். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிய வண்டிகள் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நிற்கும்: அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி. நீண்ட நோட்டில் பெயர், வண்டி எண், எடுத்த நேரம். நேரம் என்றால் அண்ணாச்சி கடைச் சுவர்க்கடிகாரத்தின் நேரம். அது எப்போதும் அவர் பக்கமே சாய்ந்து ஓடும். மணிக்கணக்கில் எடுத்தவன் கடிகாரத்துக்குப் பயந்து தெருவையே சுற்றி வருவான். நாள் வாடகைக்கு எடுத்தவனுக்குத்தான் குற்றாலம். ஆனால் அதற்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும்.

"நீ யாரு மவன்ல?"

அப்பா பெயரைச் சொன்னால் வண்டி கிடைக்கும். கூடவே உபதேசமும். "விளக்கு வைக்கதுக்கு முன்ன வந்திரணும். டைனமோ எரியாது. டபுள்ஸ் போனியன்னா போலீஸ்காரன் காத்தப் புடுங்கி வுட்ருவான், பாத்துக்க."

"சரி அண்ணாச்சி."

கடையில் இருந்தவை பெரும்பாலும் ஹெர்குலஸ். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பெயர் அது. முருகப்பா குழுமம் ஆங்கிலேயக் கம்பெனியோடு சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் அதே பெயரில் வண்டி செய்தது. நாட்டிங்காமிலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த ஒரு பழைய ராலேயும் கடையில் உண்டு. அதை அண்ணாச்சி யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக மட்டும் எடுப்பார்.

ஊரைத் தாண்டினால் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். பாட்டுக்குப் பரிசாக நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் என்பார்கள். எங்களுக்கு அப்போது கவிராயரைவிட அங்கிருந்த டீக்கடை முக்கியம். இருபுறமும் கார் நடவு முடிந்த வயல்கள். எதிரே திரிகூடமலை பாதி மேகத்துக்குள் இருக்கும். வெயிலும் சாரலும் ஒன்றாக வரும். சட்டை நனையும், காயும், மறுபடி நனையும். ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஆறு கிலோமீட்டரைக்கூடத் தாண்டாத பாதைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். கொக்கு பார்க்க நின்றோம். வாய்க்காலில் கால் நனைக்க நின்றோம். செயின் கழன்றதற்கு நின்றோம், கழலாதபோதும் நின்றோம்.

பேரருவியில் தண்ணீர் நேரே கீழே விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து பொங்கி வழிகிறது. அதனால்தான் தலையைக் கொடுக்க முடிகிறது. குளிக்கும் இடத்துக்கு மேலுள்ள பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பினால் ஐந்தருவி. அந்த ஏற்றத்தில் பாதியை மிதித்தும் மீதியை உருட்டியும் போவோம். மங்குஸ்தான் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்வதும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதி. குற்றாலச் சீசன் என்றாலே தமிழறிஞர் டி.கே.சி.யின் பேச்சும் வரும். அவர் கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே தங்கி, ராஜாஜி, கல்கி போன்ற நண்பர்களைச் சீசனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். 1954இல் அவர் மறைந்த பிறகும் எங்கள் தமிழாசிரியர் ஏதோ நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவரைப் போலத்தான் அவரைப் பற்றிப் பேசுவார்.

ஐந்தருவி இறக்கத்தில் மிதிக்கவே வேண்டாம். ஃப்ரீவீல் கிர்ரென்று பாடும். பிறகு நேர்வழியை விட்டு இலஞ்சி பக்கம் ஒதுங்கி, குமாரர் கோயிலைத் தாண்டி, செங்கோட்டைச் சாலையைப் பிடிப்போம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டைக்குப் போகும் சாலை அது. கேட் பூட்டியிருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், ரயில் பார்க்கலாம். கொல்லம் போகும் மீட்டர் கேஜ் வண்டி புகையோடு வரும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் அந்தச் சின்ன ரயில் 2010இல் நின்றது. அகலப்பாதை ரயில் வர 2018 ஆயிற்று. இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. நல்லதுதான், புகை கண்ணில் விழாது.

வீடு திரும்பும்போது இன்று தூரத்திலிருந்தே தெரியும் ராஜகோபுரம் அன்று இல்லை. பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயிலின் வாசல் தலைமுறை தலைமுறையாக மொட்டையாகவே நின்றது. புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990இல்.

இந்தக் கதையில் பெண்பிள்ளைகள் யாரும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாடகைக் கடை நோட்டில் ஒரு பெண் பெயரை நான் பார்த்ததில்லை. என் அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், பின்வாசல் முற்றத்துக்குள் மட்டும். 2000க்குப் பிறகு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, மேலகரத்திலிருந்து பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கு மிதித்துப் போனதைப் பார்த்தபோது, வாடகைக் கடைகள் போனதற்காக என்னால் முழுசாக வருத்தப்பட முடியவில்லை. மொபெட்டும் தவணைக் கடனும் கடையின் பாதி உயிரை ஏற்கெனவே வாங்கியிருந்தன. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ்.

இன்றும் சைக்கிளில் போக நினைப்பவர்கள் சொந்த வண்டியோடுதான் வர வேண்டும். சீசன் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், வேன்களுக்கு நடுவே உருட்டத்தான் முடியும். வாரநாளில் விடியுமுன் கிளம்பி இலஞ்சி வழியாகவே போய், மேலகரம் வழியாகத் திரும்புங்கள். பிரேக் கட்டையை மட்டும் புதிதாக மாட்டிக்கொள்ளுங்கள்.