புகை எழுந்த ஊர்

1878 வசந்தம். அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்து வடமேற்கில், மரம் அரிதான புல்வெளி. எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, இரண்டு நாள் பயணம் செய்து களைத்த ஒரு கூட்டம். திடீரென்று ஆண்கள் உற்சாகமாகக் கத்தினார்கள்: ஊர் வந்துவிட்டது! நோயில் துவண்டிருந்த வில்லியானா ஹிக்மன் நிமிர்ந்து பார்த்தார். எந்த ஊரும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டார். அவருடைய கணவர், போதகர் டேனியல் ஹிக்மன், தரையிலிருந்து அங்கங்கே கிளம்பிய புகையைக் காட்டி, அதுதான் நிக்கோடிமஸ் என்றார். வில்லியானாவுக்கு அழுகை வந்துவிட்டது.

புகைக்குக் கீழே வீடுகள் இருந்தன. பூமியைக் குடைந்து, மேலே கட்டையும் புல்மண்ணும் போட்டு மூடிய குழிகள்.

வந்தவர்கள் கென்டக்கியின் கறுப்பர்கள். அடிமைத்தனம் ஒழிந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் கொடுத்த விடுதலையைத் தெற்கின் வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். 1877 ஏப்ரலில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித், சைமன் ரவுண்ட்ரீ போன்ற கறுப்பர்களும் சேர்ந்து ஒரு நகர கம்பெனி தொடங்கி, துண்டுப் பிரசுரங்கள் மூலம் ஆசை காட்டினார்கள். காகிதத்தில் ஊர் பிரமாதமாக இருந்தது. அந்த செப்டம்பரில் வந்து சேர்ந்த சுமார் 300 பேரில் பலர் குழிகளைப் பார்த்த கையோடு திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தங்கியவர்கள் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தினார்கள். விறகு கிடைக்காததால் காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து அவ்வழியே திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது இந்த ஊர்க் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு நிக்கொதேமு தெரிந்த பெயர். இரவில் இயேசுவைத் தேடி வந்தவர். ஊரின் பெயர் அவருடையதல்ல, அடிமைக் கப்பலில் வந்து பிறகு தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஓர் ஆப்பிரிக்கருடையது என்றும் சொல்வார்கள்.

பொதுவாக ஊர் உருவான பிறகு அதில் கோயில் எழும்பும். இங்கே சபை முதலில் வந்தது. ஹிக்மன் தனியாக வரவில்லை. கென்டக்கியில் தாம் மேய்த்த பாப்டிஸ்ட் சபையில் பலரைக் கூடவே அழைத்து வந்தார். பக்கத்தில் மவுன்ட் ஆலிவ் சபையை நிறுவினார். ஊருக்குள் இன்னொரு பாப்டிஸ்ட் சபை, போதகர் சைலஸ் லீயின் தலைமையில் குழிவீட்டில் கூடத் தொடங்கியது. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையும் வேரூன்றியது. குடிக்கவே தண்ணீர் தேட வேண்டிய இடத்தில் இத்தனை சபைகள் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் எஜமானர்களின் ஆலயத்தில் கடைசி வரிசையிலும் மாடத்திலும் உட்காரவைக்கப்பட்டவர்கள் இவர்கள். தங்கள் போதகரைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமைக்குச் சோற்றுக்குச் சமமான மதிப்பு இருந்தது. 1885-ல் கட்டிய சுண்ணாம்புக்கல் ஆலயம் ஒன்றும், 1907-ல் பாப்டிஸ்ட்டுகள் எழுப்பிய ஆலயமும் அந்த மதிப்பின் அடையாளங்கள்.

ஊர் ஓரளவு செழித்தது. ஹோட்டல், கடைகள், இரண்டு பத்திரிகைகள். இங்கே குடியேறிய எட்வின் மக்கேப் 1882 தேர்தலில் மாநிலத் தணிக்கையாளர் ஆனார். மிச்சமிருந்தது ரயில் மட்டும்தான். அதை வரவழைக்க 1887-ல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊரார் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் 1888-ல் தண்டவாளம் சாலமன் ஆற்றின் மறுகரையில் போனது. சில மைல் தள்ளி போக் என்ற ஊர் முளைத்தது; நிக்கோடிமஸின் வியாபாரிகள் கடைகளோடு அங்கே போய்விட்டார்கள். புல்வெளியில் ஓர் ஊரைக் கொல்ல இதைவிட எளிய வழி கிடையாது.

ஊர் சாகவில்லை, சுருங்கியது. 1953-ல் தபால் நிலையம் மூடப்பட்டது. 1996-ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 14 பேர்.

ஜூலைக் கடைசியில் மட்டும் கூட்டம் சேரும். வெளியூர்களில் வாழும் வாரிசுகள் குடும்பத்தோடு வருவார்கள். விருந்து, ஊர்வலம், ஆராதனை. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைகள் விடுதலையானதன் நினைவாகத் தொடங்கிய விழா இது. அந்த விடுதலைக்குப் பின் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் தேடியவர்கள்தான் தமிழர் உட்பட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களிடமும் ஆசை வார்த்தைகள் பேசப்பட்டன. அழுதபின் கண்ணைத் துடைத்துக்கொண்ட வில்லியானாக்கள் அந்தக் கப்பல்களிலும் இருந்திருப்பார்கள்.

வில்லியானா கென்டக்கிக்குத் திரும்பவில்லை. கணவர் சபையைக் கவனிக்க, அவர் அந்தப் புல்வெளியிலேயே பிள்ளைகளை வளர்த்தார். முதுமையில் அந்த முதல் நாளைச் சொல்லும்போது, தான் அழுததை அவர் மறைக்கவில்லை.